கணக்கு டீச்சருக்குச் சம்பள உயர்வு

பெரும் மதிப்புக்கும் அதைவிடப் பெரிய அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் நலமாக இருக்கிறோம். குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை, ஒழுகுகிறது, அதை நானே பார்த்துக்கொள்வேன். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், பெயிண்ட் கடையில் வியாபாரம் சூடு பிடித்திருக்கும் என்றும், உங்கள் முதுகுவலி கொஞ்சமாவது வழிக்கு வந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இதைப் போனிலேயே கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் கடை இரைச்சலில் எல்லாவற்றுக்கும் "சரி சரி, ஆகட்டும்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு "நாளைக்கு வண்டியில ஏத்திடறேன்" என்றீர்கள். தவிர, இந்த வீட்டின் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் தங்கையின் காதில் விழும். கடைசி பெஞ்சுக் கிசுகிசுப்பைப் பிடித்துப் பழகிய காது அது. ஆகவே கடிதம்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உங்கள் தங்கைக்கென்று பிடித்து வைத்திருக்கிற மேலாளர் வேலைக்கு அவள் சம்மதம் சொல்லிவிட்டாள். வருகிற முதல் தேதி நீங்கள் கடையைத் திறக்கும்போது வாசலில் நிற்பாள். "அந்தப் பள்ளிக்கூடத்துல அப்படி என்னதான் கொட்டிக் குடுக்கிறாங்க?" என்று எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்! கொட்டிக் கொடுக்கவில்லை மச்சான், கிள்ளித்தான் கொடுக்கிறார்கள். பள்ளி வேன் ஓட்டுகிறவர் அவளைவிடக் கூடுதலாக வாங்குகிறார். அதை அவரே தெரிந்துகொண்டு, மனசு கேட்காமல், வேனில் முன் இருக்கையை அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் இதுவரை அவளுக்குக் கொடுத்த பெரிய சலுகை அந்த இருக்கைதான், அதுவும் வேன்காரர் கொடுத்தது.

ஆனால் அவள் சும்மா சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மருமகள் போன வருஷமே பிசியோதெரபிதான் படிப்பேன் என்று சொன்னதும், இப்போது அதில் இடம் கிடைத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். அவள் சொன்ன அன்றே கட்டணம் எவ்வளவு என்று பார்த்ததும் எனக்கே பிசியோதெரபி தேவைப்பட்டது. என் ஓய்வூதியத்தையும் உங்கள் தங்கையின் சம்பளத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி நிறுத்தினாலும் அந்தக் கட்டணத்தின் தோளுக்குக்கூட வரவில்லை. நானோ குடிநீர் வாரியத்தில் ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ ஓடாத மீட்டரைத் தட்டி ஓட வைத்திருக்கிறேன், ஒரு டீச்சரின் சம்பளத்தை நகர்த்த முடியாதா என்று இறங்கினேன். இறங்கிய கதையைக் கேளுங்கள்.

முதலில் டியூஷன். எல்லா டீச்சரும் செய்வதுதானே என்று நானே அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டு, கூடத்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிப் பாயை விரித்தேன். முதல் வாரமே வாசல் நிறையச் செருப்பு. எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் மச்சான், உங்கள் தங்கைக்குத் தொழில் தெரியவில்லை. எதிர்த்தெரு டியூஷன் மாஸ்டரிடம் பால் பல்லோடு சேர்கிற பிள்ளை மீசை முளைத்த பிறகுதான் வெளியே வருகிறான். இவளிடம் வந்த பிள்ளைகளுக்கோ கொஞ்ச நாளிலேயே கணக்கு வந்துவிட்டது. வந்ததும் என்ன செய்கிறாள் தெரியுமா? "உனக்குத்தான் நல்லா வருதே, இன்னும் எதுக்கு இங்க உக்காந்திருக்க? போய் விளையாடு போ" என்று அனுப்பிவிடுகிறாள். மாதம் முடிவதற்குள் கணக்கு வராத இரண்டே பேர் மிச்சம். அவர்களிடமாவது காசு வாங்கு என்றேன். "இன்னும் சொல்லிக் குடுத்து முடிக்கலையே, எப்படி வாங்குறது?" என்றாள். அப்படியானால் முடித்தவர்களிடம் வாங்கு என்றேன். "அவங்கதான் போயிட்டாங்களே" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டு அட்டையைக் கழற்றினேன். அந்த இரண்டு பேரும் இப்போதும் சாயங்காலம் வந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, வகுத்தல் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிறகு ஒரு பதிப்பாளர் வந்தார். பரீட்சைக்கு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறவர், வாசனைத் திரவியத்தில் குளித்தவர், சோபாவில் உட்கார்ந்து வீட்டையே மணக்க வைத்தார். பாடப் புத்தகத்தில் உள்ள எல்லாக் கணக்குக்கும் விடை எழுதிக் கொடுத்தால் கணிசமாகத் தருவதாகச் சொன்னார். உங்கள் தங்கை லீவு முழுக்க உட்கார்ந்து எழுதினாள். பதிப்பாளர் வந்து, கட்டைக் கையில் வாங்கி, புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், விடை எங்க இருக்கு?"

"விடைய நாமே குடுத்துட்டா பிள்ளைங்க எப்படிப் போடுவாங்க? எங்க மாட்டிக்குவாங்களோ அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கேள்வி எழுதியிருக்கேன். அதைப் படிச்சா அவங்களே போட்டுடுவாங்க."

"அவங்களே போட்டுட்டா என் புத்தகத்தை எவன் டீச்சர் வாங்குவான்?"

கேள்வி நியாயமானதுதான். அவர் போன பிறகும் வாசனை மட்டும் ஒரு வாரம் இருந்தது. போன விடுமுறைக்கு உங்கள் மகன் வந்தபோது, "அத்தை, நீங்க வீடியோ போட்டா காசு வரும்" என்று போனை ஜன்னல் கம்பியில் கட்டி அவளை அதன் முன்னால் நிறுத்தினான். போன் தலையாட்டாதாம், அதனால் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லையாம். ஆகவே போனுக்குப் பக்கத்தில் என்னை வகுப்பாக உட்கார வைத்தாள். நான் ஒரு கொட்டாவி விட்டேன். இப்போதும் அந்த வீடியோவைப் பார்த்தால், அவள் முக்கோணத்தை நிறுத்திவிட்டு ஓரமாக முறைத்து, "அங்க யாரு? எழுந்து நில்லுங்க" என்று சொல்வதும், ஒரு நரைத்த தலை மெதுவாக மேலே வருவதும் தெரியும். அதைப் பார்த்த அத்தனை பேரும் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெருவில் தலை காட்ட முடியவில்லை.

சரி, மற்ற டீச்சர்களுக்கும் இதே பஞ்சப்பாட்டுதானே, எல்லோரும் சேர்ந்து நிர்வாகத்திடம் ஒரு மனு கொடுங்கள் என்று யோசனை சொன்னேன். ஆசிரியர் அறையில் மனு எழுதினார்கள். எழுதியது உங்கள் தங்கை. மொழி டீச்சர் அதை வாங்கி, முதல் வரியிலேயே மூன்று திருத்தம் போட்டார். அறிவியல் டீச்சர் விலைவாசிக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்றார். ஓவிய மாஸ்டர் ஓரத்தில் பூ வரைந்தார். வரலாற்று டீச்சர், இதற்கு முன்னால் கொடுத்து ஒன்றும் நடக்காத மனுக்களைப் பற்றி ஒரு முன்னுரை சேர்த்தார். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் திருத்த, அந்த மனு அந்தப் பருவம் முழுக்க மேசைக்கு மேசை சுற்றியது. ஒரு தாளைக் கையில் கொடுத்துத் திருத்தாதே என்றால் அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்! விளையாட்டு மாஸ்டர் ஒருவர்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், அவர் போட்ட இடத்தில் இப்போது பூ இருக்கிறதாம்.

கடைசியில், தனியாகவே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. உங்கள் தங்கைக்குத் தனக்காக எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒத்திகை வைத்துக்கொண்டோம். நான் பள்ளி நிர்வாகி. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டை போட்டு, வீட்டுச் சாவி, பீரோ சாவி, சைக்கிள் சாவி எல்லாவற்றையும் கொத்தாக முன்னால் வைத்துக்கொண்டேன். உங்கள் மருமகள் பார்வையாளர். டீச்சர் சமையலறைப் பக்கமாக வெளியே போய்க் கதவைத் தட்டினாள்.

"உள்ளே வரலாமா சார்?"

"வாங்க டீச்சர், உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"ஏங்க, அவர் டீயெல்லாம் கேக்க மாட்டார்."

"கேக்கறேனே. நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க டீச்சர்."

அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "சார், ரொம்ப வருஷமா சம்பளம் ஏறவே இல்ல. விலைவாசி ஏறிடுச்சு. எங்க பொண்ணு வேற மேல படிக்கப் போறா."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை மச்சான். நாற்காலி அப்படி. சாவிக் கொத்தை ஒரு தரம் உருட்டிவிட்டுச் சொன்னேன்: "உங்க கஷ்டம் எனக்குப் புரியாமலா டீச்சர்? உங்களுக்கு ஏத்தணும்னா பிள்ளைங்க கட்டணத்தை ஏத்தணும். ஏத்தட்டுமா? உங்க வகுப்புல யாரால கட்ட முடியும், யாரால முடியாதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், விரல் மடக்கி. "தையல்காரர் பொண்ணு நின்னுடுவா சார். அந்த ரெட்டைப் பசங்கள்ல ஒருத்தனை நிறுத்திடுவாங்க."

"எவனை நிறுத்தலாம்?"

"ஐயோ, வேண்டாம் சார்!"

"அப்போ விடுங்க. போன மழையில ஆறாம் வகுப்புக் கூரை ஒழுகுச்சே, சரி பண்ணிட்டோமா?"

"இல்ல சார். பக்கெட் வச்சிருக்கோம்."

"முதல்ல கூரையா, உங்க சம்பளமா? நீங்களே சொல்லுங்க டீச்சர். நீங்க சொல்றதைச் செய்யறேன்."

"கூரைதான் சார்" என்று சொல்லி எழுந்து, எனக்கு நன்றி வேறு சொல்லி, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நான் வெற்றிக் களிப்பில் நாற்காலியில் சாய்ந்தேன். உங்கள் மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க யார் பக்கம்?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் தங்கையோடு பேசி நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் தோற்க வேண்டிய இடத்தில். உடனே ஆளை மாற்றிப் பார்த்தோம். அவள் நிர்வாகி, நான் டீச்சர். நான் வாயைத் திறப்பதற்குள், "பாவம், முகமே வாடிப் போச்சு, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க" என்று சாவிக் கொத்தையே என் பக்கம் தள்ளிவிட்டாள். அப்படி ஒரு நிர்வாகி எந்தப் பள்ளிக்கும் கிடைக்க மாட்டார், கிடைத்தால் அந்தப் பள்ளி ஒரு வருஷம் தாங்காது.

மறுநாள் நிஜமாகவே போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். நிர்வாகி நல்ல மனிதர்தான், ஆனால் பேச வராது. "அது வந்து டீச்சர்... இந்த வருஷம் பாத்தீங்கன்னா... கொஞ்சம்..." என்று திணறியிருக்கிறார். பதில் தெரியாமல் ஒருவர் திணறினால் உங்கள் தங்கையால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? "பதறாதீங்க சார், நிதானமா யோசிங்க. மழை பெஞ்சா நம்ம ஸ்கூல்ல என்ன ஆகும்?" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் பிரகாசமாகி, "கூரை ஒழுகும்!" என்றிருக்கிறார். "சரி, அப்போ கட்டணத்தை ஏத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறாள். இப்படியே கைபிடித்துப் படிப்படியாக விடைக்குக் கொண்டு வந்து சேர்த்துவிட்டாள். விடை, முடியாது. அவருக்கு ஒரே சந்தோஷம். தன்னை இவ்வளவு புரிந்துகொண்ட டீச்சருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த இடத்திலேயே அவளைக் கணிதத் துறை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டார். வாரத்துக்குக் கூடுதலாக நான்கு வகுப்பு, பீரோ சாவி ஒன்று, சம்பளம் அதேதான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உங்கள் மேலாளர் வேலைக்குச் சம்மதம் சொன்னாள். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் தூள் விரல் இடுக்கில் போகாமல் நிற்கும், நகத்தால் சுரண்டிக் கழுவுவாள், தினமும் பார்க்கிறதுதான். திரும்பிப் பார்க்காமலே, "அண்ணன்கிட்ட வர்றேன்னு சொல்லிடுங்க" என்றாள். உங்கள் மருமகள் புத்தகத்தை மூடிவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, நான் வேற ஏதாவது படிச்சுக்கறேன், கட்டணம் கம்மியா இருக்கிறதா பாத்து." உங்கள் தங்கை, "உன்கிட்ட யாரும் கேக்கல. போய் உக்காந்து படி" என்றாள். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. அடுத்த நாளே தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். எனக்கு என்னவோ அவள் அழுதிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று அவளுடைய சாமான்களை எடுத்து வரப் பள்ளிக்குப் போனேன். எல்லாம் அவள் கைக்காசில் வாங்கியவை. மரத்தில் செய்த பெரிய காம்பஸ், கோணமானி, கலர் சாக்பீஸ் டப்பா, பென்சில் கொண்டு வராத பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு டம்ளர் நிறையப் பென்சில் துண்டுகள். வகுப்பு முடியவில்லை என்பதால் ஜன்னலோரம் தாழ்வாரத்தில் நின்றேன். ஊரில் நான் நுழையாத வீடு கிடையாது மச்சான், எந்த வீட்டில் எந்தச் செடிக்குப் பின்னால் மீட்டர் ஒளிந்திருக்கிறது என்று இன்றைக்கும் சொல்வேன். என் மனைவியின் வகுப்பை அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேன் வராத நாளில் வாசல் வரை கொண்டு விட்டிருக்கிறேன், வாசலிலிருந்து கூட்டி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கரும்பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லி எழுதியிருந்தது. தையல்காரர் மகள் எழுந்து நின்றாள். சின்னப் பெண், கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்குகிறது. "அஞ்சுல ரெண்டு டீச்சர்" என்றாள். மேலே இரண்டையும் கூட்டி, கீழே இரண்டையும் கூட்டிவிட்டாள். எனக்கே தெரிந்தது தப்பென்று. பின்னால் யாரோ சிரித்தார்கள். உங்கள் தங்கை சிரித்த பக்கம் ஒரு விரலைத் தூக்கினாள், சிரிப்பு நின்றது.

"அஞ்சுல ரெண்டு. சரி. உன்கிட்ட பாதி ரொட்டி இருக்கு. நான் இன்னும் கொஞ்சம் குடுத்தேன். இப்ப உன்கிட்ட பாதியைவிடக் கூட இருக்குமா, குறைய இருக்குமா?"

"கூட டீச்சர்."

"அஞ்சுல ரெண்டுங்கிறது பாதியைவிடக் கூடவா, குறையவா?"

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். உங்கள் தங்கை சும்மா நின்றாள். நான் காத்திருக்கத் தெரியாதவன், மணி அடித்துக் கதவு திறக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறவன். எனக்குத் தாழ்வாரத்தில் நிலைகொள்ளவில்லை, ஜன்னல் வழியாக விடையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. விடை எனக்குத் தெரியாததால் பிழைத்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள், முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. வகுப்பு மொத்தமும் அவளோடு சேர்ந்து காத்திருந்தது. திடீரென்று அந்தப் பெண், "குறைய! டீச்சர், குடுத்த அப்புறம் எப்படிக் குறையும்? கீழ இருக்கிறதைக் கூட்டக் கூடாது!" என்று கத்திவிட்டு, யாரும் கூப்பிடாமலே பலகைக்கு ஓடினாள். அப்போது உங்கள் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். மச்சான், எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக இவள் களைத்துப்போய் வீட்டுக்கு வருவதை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதில் இவ்வளவு களைக்கிறாள் என்று நேற்றுத்தான் பார்த்தேன். தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியில் போன ஆயா, "ஐயா, தலை சுத்துதா? தண்ணி கொண்டாரட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.

போகட்டும். இப்போது உங்களிடம் சில வேண்டுகோள்கள். கடையில் அவளை ஜன்னலோரமாக உட்கார வையுங்கள், ஆள் முகம் தெரிகிற மாதிரி. நாற்காலி கொடுத்தாலும் உட்கார மாட்டாள், நின்றே பழகியவள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் யாராவது வந்து ஒரு அறைக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட் வேண்டும் என்று கேட்டால் அவள் சொல்ல மாட்டாள். "உங்க அறை எவ்வளவு நீளம்? கதவும் ஜன்னலும் அடிக்கணுமா, விட்டுடணுமா?" என்று கேட்டு அவரையே கண்டுபிடிக்க வைப்பாள். பெயிண்ட் வாங்க வந்தவர் பரப்பளவு கற்றுக்கொண்டு போவார். வரிசை நீளும். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பையன்கள் கணக்கில் தப்பு விட்டால் திட்டாதீர்கள், அவள் முன்னால் திட்டாதீர்கள் என்றாவது கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கடை முன்னால் பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள் அல்லவா, அந்த நேரத்தில் மட்டும் அவளை உள்ளே சரக்கு அறையில் ஏதாவது வேலையாக அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பெரிய மனசுக்கு நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மகனுக்கு என் ஆசி, அந்த வீடியோவை எடுத்துவிட்டால் கூடுதல் ஆசி. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மழைக்காலத்திலும் பெயிண்ட் விற்று, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத மைத்துனன்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். உறையில் போடும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சரக்கு அறைக்கு அனுப்பிவிடுங்கள் என்று நானே எழுதிய இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனேன். இனி தான் எடுக்கப் போகாத வகுப்பின் விடைத்தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீ கடைக்குப் போக வேண்டாம். நான் போறேன்."

"நீங்களா? ஓய்வு பெத்தவர் பேசற பேச்சா இது? உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல வேலை?"

"மீட்டர் பாக்கற வேலைதான் முடிஞ்சுது. கையும் காலும் நல்லாத்தான இருக்கு. பாப்பா கட்டணத்துக்கு நான் போறேன். நீ உன் வகுப்புக்குப் போ."

"அண்ணன் என்னைத்தான கேட்டார்."

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவசரப்படாமல் நின்றேன். "நெசமாவா சொல்றீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றினாள், பிறகு அழுதாள். அப்பாடா என்று இருந்தது. "இதை முதல்லயே சொல்ல உங்களுக்கு என்ன?" என்று திட்டினாள். தோன்றவில்லையே என்றேன். "தலைமை டீச்சர் வேற ஆளைப் போட்டுடப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் உங்கள் மருமகள் செருப்புமாக இறங்கி ஓடிவிட்டாள். தலைமை ஆசிரியை வீடு இரண்டு தெரு தள்ளித்தான், இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள்.

ஆகவே முதல் தேதி உங்கள் கடை வாசலில் நிற்கப்போவது நான். மேலாளர் வேலைக்கு நான் லாயக்கில்லை, அதை வேறு யாருக்காவது கொடுங்கள். ஆனால் உங்கள் வண்டி வீடு தெரியாமல் ஒரு தெருப் பெயிண்ட்டை இன்னொரு தெருவில் இறக்கிவிட்டு வருகிறது என்று அக்கா சொன்னார். வண்டியில் என்னை ஏற்றிவிடுங்கள். எந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பது வரை எனக்குத் தெரியும். உங்கள் தங்கைக்குச் சொன்ன சம்பளத்தில் பாதி கொடுத்தால் போதும், அதோடு என் ஓய்வூதியமும் அவள் சம்பளமும் சேர்ந்தால் கட்டணத்துக்குச் சரியாக வரும் என்று உங்கள் மருமகள் போட்டுக் காட்டினாள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணத்தை என் கையில் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் சம்பளம் போடுகிற அதே நாளில் அவளுடைய வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். தெருவில் யாராவது கேட்டால், எங்கள் வீட்டு டீச்சருக்குச் சம்பளத்தை உயர்த்திவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வேன்.